தலை மாறினால் பிடி மாறும்

சிங்கப்பூரில் கொள்கலன் ஏற்றும் டிரெய்லருக்குச் சொந்தமாக ஒரு ஹெட், அதாவது இழுக்கும் முன்வண்டி, கிடையாது. காலையில் பாசிர் பாஞ்சாங் துறைமுகத்திலிருந்து ஒரு வால்வோ அதை இழுத்து வரும். மதியம் பெஞ்சுருவில் ஏதோ ஒரு கிடங்கு வாசலில் பெட்டியோடு கழற்றிவிட்டுப் போவார்கள். சரக்கு இறங்கியதும் மாலையில் வேறோர் ஓட்டுநர் ஹீனோவைக் கொண்டுவந்து பூட்டுவார். வெறும் பெட்டி டிப்போவுக்குப் போகும். மறுநாள் அதே டிரெய்லர் ஒரு ஸ்கானியாவின் பின்னால் துவாஸ் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கென்று தனிப் பதிவெண் உண்டு, தனிப் பரிசோதனை உண்டு. பிரேக் மட்டும் தனியாக இல்லை. மிதி முன்வண்டியில், சக்கரம் பின்வண்டியில். நடுவே இரண்டு காற்றுக் குழாய்கள்.

அந்த இரண்டு குழாய்களோடுதான் என் உழைப்புக் காலம் போயிருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தேசிய சேவையை முடித்த கையோடு பாண்டான் வட்டாரத்தில் ஒரு டிரெய்லர் பட்டறையில் சேர்ந்தேன். வீடு பஃபலோ ரோட்டில், தேக்கா சந்தைக்கு எதிரே. அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1972 ஜூன் 23 அன்று ராட்டர்டாமிலிருந்து எம்.வி. நிஹோன் என்ற முதல் கொள்கலன் கப்பல் வந்து நின்றதை நேரில் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். முதுகில் மூட்டை சுமந்த தலைமுறை, இரும்புப் பெட்டி வானத்தில் தொங்கி இறங்குவதை அண்ணாந்து பார்த்தது. நான் பட்டறையில் சேர்ந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான். “அந்தப் பெட்டிய நிறுத்துறது யாருடா?” அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இத்தனை காலம் வேலை பார்த்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

நாற்பதடிப் பெட்டி ஒன்று சரக்கோடு முப்பது டன்னுக்கு மேலும் இருக்கலாம். அதைச் சுமக்கும் டிரெய்லருக்குப் போகும் சிவப்புக் குழாயில் காற்று எப்போதும் நிற்கும். பின்வண்டியின் காற்றுத் தொட்டியை அதுதான் நிரப்புகிறது. மஞ்சள் குழாயில் மிதித்தால் மட்டும் காற்று வரும். எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு அழுத்தம். சிவப்புக் குழாய் அறுந்தால் பின்வண்டி தானாகவே இறுகப் பிடித்து நின்றுவிடும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் ரயிலுக்காகச் செய்த தானியங்கிக் காற்று பிரேக்கின் தத்துவமே இங்கும் வேலை செய்கிறது. காற்று இருந்தால் ஓடலாம்; காற்று போனால் நின்றாக வேண்டும்.

ஆபத்தான நேரத்தில் வண்டி நிற்பதற்கு இது போதும். அன்றாடம் ஒழுங்காக நிற்பதற்குப் போதாது. காற்று பின்வண்டிக்குப் போய்ச்சேர நேரம் எடுக்கும். மிதித்த 0.4 நொடிக்குள் இணைப்புத் தலையில் முக்கால் பங்கு அழுத்தம் வந்துவிட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 0.4 நொடியில் வண்டி ஆறரை மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஹெட் முதலில் பிடித்து டிரெய்லர் தாமதித்தால், பின்னால் இருக்கும் மொத்தப் பாரமும் ஹெட்டை முட்டித் தள்ளும். ஓட்டுநர்கள் அதை “தள்ளுது” என்பார்கள். டிரெய்லர் முந்திக்கொண்டு அதிகமாகப் பிடித்தால் “இழுக்குது” என்பார்கள். தள்ளினால் மழையில் ஹெட் மடங்கிக்கொள்ளும். இழுத்தால் வெறும் வண்டியின் சக்கரம் பூட்டிக்கொண்டு தேயும். டயரில் ஒரே இடம் தட்டையாகி, ஓடும்போது டொக் டொக்கென்று அடிக்கும். பட்டறைக்கு வரும் புகார்களை இந்த இரண்டு சொற்களில் அடக்கிவிடலாம்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மலேசியத் தமிழர். ஜொகூரில் கூலாய் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் கூலாய் அண்ணன். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைத் தாண்டி வருவார். முதலில் ஓட்டுநர், பிறகு முழங்கால் வலியால் பட்டறைக்கு வந்தவர். காதும் இடுப்பும்தான் அவருடைய கருவிகள். எந்த வண்டி வந்தாலும் யார்டுக்குள் மனிதன் நடக்கும் வேகத்தில் ஓட்டுவார். ஸ்டியரிங் தண்டில் டிரெய்லர் பிரேக்குக்கென்று தனி லிவர் இருக்கும். அதை மட்டும் மெதுவாக இழுப்பார். மிதியைத் தொடவே மாட்டார். பின்வண்டி பிடிக்கும்போது இருக்கை முதுகில் விழும் அந்தச் சின்ன இழுப்பு எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கவனிப்பார்.

“தம்பி, மொதல்ல பின்னாடிய மட்டும் புடிச்சுப் பாரு. அது தனியா நிக்குமான்னு தெரிஞ்சாத்தான் அதக் கூட்டிக்கிட்டு ரோட்டுக்குப் போகலாம்.”

இந்தப் பாடத்தை எந்தக் கையேட்டிலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

லிவர் சோதனையில் குறை தெரிந்தால் அடுத்த வேலை வண்டிக்கு அடியில். லைனிங் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்வது ஸ்லாக் அட்ஜஸ்டர்; அப்போது பெரும்பாலான டிரெய்லர்களில் அது கையால் திருப்பும் வகைதான். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஸ்பிரிங் பிரேக்கை விடுவித்து, அட்டையை விரித்துக்கொண்டு அச்சுக்குக் கீழே போவோம். பிரேக் சேம்பரிலிருந்து வெளியே வரும் புஷ் ராடில், சேம்பரின் வாயோரமாகச் சாக்பீஸால் ஒரு கோடு. மேலே ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, கோடு வெளியே நகரும். நகர்ந்த தூரத்தை அளப்போம். முப்பது எண் சேம்பராக இருந்தால் இரண்டு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால், காற்று எவ்வளவு வந்தாலும் லைனிங் டிரம்மை அழுத்த ராடுக்கு இடம் போதாது. டிரம் சூடேறும்போது விரிந்து கொடுக்கும். காலையில் சரியாக இருந்த ராடின் ஓட்டம், டிரம் சூடேறியதும் மிச்சமின்றிப் போய்விடும். ஸ்பேனரால் லைனிங் டிரம்மில் தொடும்வரை இறுக்கி, பிறகு அரைச் சுற்றுக்குள் தளர்த்துவோம். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் மெலிதாக உரசும் சத்தம் இருக்கவேண்டும், பிடிக்கக்கூடாது. எல்லாச் சக்கரங்களிலும் ஒரே அளவு. ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் விட்டால் வண்டி இறுக்கிய பக்கமே சாயும்.

பின்னாளில் தானியங்கி அட்ஜஸ்டர்கள் வந்தன. அவற்றைத் திரும்பத் திரும்பக் கையால் இறுக்குவது கெடுதல். தானாகச் சரிசெய்ய வேண்டியது செய்யவில்லை என்றால் அட்ஜஸ்டரோ புஷ்ஷோ கேம்ஷாஃப்ட்டோ பழுதாகியிருக்கிறது என்று பொருள். இறுக்கினால் அந்த நோய் மறைந்துகொள்ளும், குணமாகாது.

டிரெய்லரை இப்படிச் சீராக்கிய பிறகும் புகார் நிற்காது. இதில்தான் எனக்குத் தொழிலின் மீது உண்மையான பற்று பிறந்தது. அதே டிரெய்லரை ஒருவர் “அருமையா நிக்குது” என்பார், மற்றவர் “தள்ளுது” என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். மாறியது ஹெட்.

இதைக் கண்ணால் பார்க்க எனக்கு ஓர் அழுத்தமானி வேண்டியிருந்தது. புதியது வாங்கப் பணம் இல்லை. வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை. தரையில் தார்ப்பாய் விரித்துக் கைக்கடிகாரம், இசைத்தட்டு, திருகாணி, பழைய ரேடியோ எல்லாம் கொட்டிக் கிடக்கும். 2017 ஜூலை 10 அன்று அந்தச் சந்தையை மூடினார்கள். அங்கே ஒரு சீனப் பெரியவரிடம் பித்தளை மூடி போட்ட இரண்டு மானிகள் வாங்கினேன். பட்டறையில் அளவு சரிபார்த்த மானியோடு ஒப்பிட்டுப் பார்த்து, குழாயும் இணைப்பும் பொருத்தினேன். ஒன்றை ஹெட்டின் பின்னச்சு பிரேக் சேம்பரில் மாட்டுவேன், மற்றொன்றை மஞ்சள் இணைப்புத் தலையில். ஒருவர் மிதியை மிக மெதுவாக அழுத்துவார். நான் இரண்டு முட்களையும் பார்ப்பேன்.

பார்க்கப் பார்க்கத் தெளிந்தது. ஒரு ஹெட்டில் மஞ்சள் முள் முதலில் எழும்பும், ஹெட்டின் முள் பின்தொடரும். இன்னொன்றில் இரண்டும் சேர்ந்தே ஏறும். பழைய ஜப்பானிய ஹெட் ஒன்றில் தன் முள் நன்றாக ஏறிய பிறகே மஞ்சள் அசைந்தது. குழாயில் எண்ணெயும் நீரும் தேங்கியிருந்தன. ஹெட்டில் டிரெய்லர் கண்ட்ரோல் வால்வு என்று ஒன்று உண்டு. பல வகைகளில் அதில் ஒரு சிறிய திருகு இருக்கும். பின்வண்டிக்குப் போகும் அழுத்தத்தை ஹெட்டின் அழுத்தத்தைவிடச் சற்று முந்தவைப்பது அந்தத் திருகின் வேலை. வித்தியாசம் ஒரு பாருக்குள் அடங்கிவிடும். ஆனால் அன்றாட ஓட்டத்தில் நாம் மிதிப்பதே பெரும்பாலும் இரண்டு பாருக்குள்தான். அந்த இரண்டு பாரில் அரை பார் முன்பின் ஆனால்கூட, எந்தச் சக்கரம் உழைக்கும், எந்தச் சக்கரம் சும்மா வரும் என்பது மாறிவிடும். தள்ளும் டிரெய்லரை இழுத்த ஹெட்டில் லைனிங் சீக்கிரம் கரையும். முதலாளி லைனிங் கம்பெனியைத் திட்டுவார்; காரணம் அவர் யார்டில் நிற்கும் டிரெய்லரில் இருக்கும்.

வண்டிக்குப் பழகிய மாட்டோடு புது மாட்டைப் பூட்டினால் நுகத்தடியை நகர்த்திச் சமன் பார்ப்பார்களே, அதே வேலைதான் இது. எந்த மாட்டின் மீதும் குற்றமில்லை.

மிதியில் மட்டும் வித்தியாசம் முடிவதில்லை. ஜப்பானிய ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் பிரேக், வால்வோவில் எஞ்சின் பிரேக், ஸ்கானியாவில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் எண்ணெயில் இயங்கும் ரிடார்டர். மூன்றும் வேகத்தைக் குறைக்கும், லைனிங்கை மிச்சப்படுத்தும். மூன்றும் ஹெட்டின் ஓட்டும் சக்கரங்களில் மட்டும் பிடிக்கும். மஞ்சள் குழாய்க்கு அந்தச் செய்தியே போகாது.

ஒரு டிசம்பர் மழையில் இதன் பொருளைப் பார்த்தேன். எங்களிடம் வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு வண்டி. ஓட்டுநர் அனுபவசாலி, ஆனால் ஹெட் அவருக்குப் புதிது, ரிடார்டர் உள்ளது. பின்னால் வெறும் டிரெய்லர். ஆயர் ராஜா விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் ரிடார்டரைக் கடைசிப் படிவரை இழுத்திருக்கிறார். பாரம் இல்லாத அச்சு, நனைந்த சாலை. ஓட்டும் சக்கரங்கள் வழுக்கின. பின்வண்டிக்கோ பிடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அது வந்த வேகத்திலேயே வந்து ஹெட்டைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டது. தடுப்புக் கம்பியில் உரசி நின்றது. யாருக்கும் காயமில்லை. வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். உடைந்தது எதுவும் இல்லை. ஹெட் நன்றாக இருந்தது, டிரெய்லரும் நன்றாக இருந்தது, ஓட்டுநரும் நல்ல ஓட்டுநர். மூன்றும் அன்றுதான் முதன்முதலாகச் சேர்ந்திருந்தன.

கூலாய் அண்ணன் அந்த ஓட்டுநரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். “மழையில வெறும் வண்டின்னா ரிடார்டர விட்டுருங்கண்ணே. மிதியாலயே புடிங்க. அப்பதான் பின்னாடியும் சேர்ந்து புடிக்கும்.” அதட்டலும் இல்லை, அறிவுரைத் தொனியும் இல்லை. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்குச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா உணவங்காடியில் ஓட்டுநர்கள் கூடுவார்கள். சிராங்கூன் சாலையில் காலை வைக்க இடமில்லாத கூட்டம். லெம்பு ரோடு திடலில் ஊர்க்காரர்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் மேசையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, பேச்சு முழுக்க வண்டிதான். எந்த யார்டில் எந்த டிரெய்லர் தள்ளுகிறது, எதன் லோடு வால்வு கையைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள் என்ற செய்திகள் அங்கேதான் கைமாறும். அந்தக் கம்பி விஷயம் சின்னதல்ல. பாரத்துக்கேற்ப பிரேக்கைக் கூட்டிக் குறைப்பது லோடு வால்வின் வேலை. அச்சோடு இணைந்த கை மேலும் கீழும் அசைந்து அதற்கு எடையைச் சொல்கிறது. கை உடைந்ததும் பாரம் நிறைந்த நிலையிலேயே கட்டிவிட்டால், வெறும் வண்டிக்கும் முழுப் பாரத்துக்குரிய பிடி விழும். மழையில் சக்கரம் பூட்டும். அங்கே கேட்டதைத் திங்கட்கிழமை பட்டறையில் தேடிப்பிடித்துச் சரிசெய்திருக்கிறோம். அந்த மேசை எங்களுக்கு ஒரு பதிவேடாகவே இருந்தது.

அப்பாவின் ஊர் திருவாரூர். ஒருமுறை ஆழித்தேரோட்டத்துக்கு அவரோடு போனேன். 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் எடை. முன்னால் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்க, பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிறது. தேரின் இரும்புச் சக்கரங்களுக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியிருக்கிறது. இருந்தும் முட்டுக்கட்டை போடுபவர்கள் சக்கரத்தின் கூடவே நடக்கிறார்கள். இழுக்கும் கைகள் வீதிக்கு வீதி மாறும். நிறுத்தும் பொறுப்பு தேரிடமும் அதன் காலடியில் நடப்பவர்களிடமுமே இருக்கிறது. அப்பா தன் பழைய கேள்விக்குப் பதிலை அங்கே பார்த்துவிட்டதுபோல நெடுநேரம் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு பெர்த்தில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் கேரவன் வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்கவேண்டும். கொக்கி கழன்றால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். கேரவனில் காற்று இல்லை, மின்சாரம். டிரம்முக்குள் காந்தம், காருக்குள் கட்டுப்பாட்டுக் கருவி, அதில் ஒரு குமிழ். குமிழைக் கூட்டினால் காந்தத்துக்கு மின்சாரம் கூடும், பிடி கூடும்.

மச்சான் அப்போதுதான் பழைய பிராடோவை விற்றுவிட்டு ரேஞ்சர் வாங்கியிருந்தார். பழைய காரில் குமிழ் எந்த எண்ணில் இருந்ததோ அதே எண்ணில் புதிய காரிலும் வைத்திருந்தார். “கேரவன் அதேதானே மாப்ள, அப்புறம் எதுக்கு மாத்தணும்?” என்றார். கார் மாறினால் அதன் எடை மாறுகிறது, அதன் சொந்த பிரேக்கின் வேகம் மாறுகிறது, கேரவனுக்குப் போகும் வயரின் நீளமும் தடிமனும் மாறி வழியில் இழக்கும் மின்னழுத்தம் மாறுகிறது. பழைய எண் பழைய ஜோடிக்கு உரியது. இருவருமாக ஆளில்லாத சமதளச் சாலைக்குப் போனோம். 40 கிலோமீட்டர் வேகம். காரின் மிதியைத் தொடாமல், கருவியில் கேரவனை மட்டும் பிடிக்கும் பொத்தானை அழுத்தச் சொன்னேன். குமிழை ஒவ்வொரு படியாக ஏற்றினோம். சக்கரம் பூட்டும் இடம் வந்ததும் அதற்குச் சற்றுக் கீழே இறக்கி வைத்தோம். மண்சாலையில் போகும்போது இன்னும் குறைக்க வேண்டும், கேரவனில் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் கூட்ட வேண்டும் என்றும் சொன்னேன். அவர் முகத்தில் நம்பிக்கை வந்தது. பாண்டானில் கூலாய் அண்ணன் லிவரை இழுத்துப் பார்த்ததும், இங்கே மச்சான் பொத்தானை அழுத்திப் பார்த்ததும் ஒரே சோதனை. காற்றானால் என்ன, மின்சாரமானால் என்ன, பின்வண்டியைத் தனியாகப் பிடித்துப் பார்த்தாக வேண்டும்.

சிங்கப்பூரில் இன்று நிலைமை வெகுவாக மாறிவிட்டது. புதிய ஹெட்டுகளில் மின்னணு பிரேக். சில முறை பிரேக் பிடிப்பதற்குள் பின்வண்டி தள்ளுகிறதா இழுக்கிறதா என்று கணித்து, மஞ்சள் குழாய் அழுத்தத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. நான் பித்தளை மானிகளை வைத்துக்கொண்டு செய்ததை அது ஓடிக்கொண்டே செய்கிறது. அதைப் பார்த்து மகிழ்கிறேன். 2022 செப்டம்பர் 1 அன்று அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்துக்குள் ஓட்டுநரில்லா வண்டிகள் பெட்டிகளைச் சுமக்கின்றன. 2024-இல் இருபதடிப் பெட்டிக் கணக்கில் 4.1 கோடிக்கும் மேல் இந்தத் தீவு கையாண்டது.

ஆனால் வாசலைத் தாண்டிச் சாலைக்கு வரும் பெட்டியை மனிதர்கள்தான் ஓட்டுகிறார்கள். புதிய ஹெட்டின் பின்னால் பழைய டிரெய்லர் வருகிறது. மின்னணு பிரேக் உள்ள டிரெய்லரிலும் அதற்குரிய வயரைச் செருகாமல் ஓட்டினால், பாரத்துக்கேற்பப் பிடிக்கும் திறன் போய்விடக்கூடும். கணினிக்கு டிரம்முக்குள் இருக்கும் எண்ணெய்க் கசிவு தெரியாது; தேய்ந்த புஷ் தெரியாது. அது அழுத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் குறையை மூடும், ஒருநாள் கூட்ட இடமில்லாமல் போகும்வரை.

ஆகவே இளம் மெக்கானிக்குகளுக்கு இரண்டு வேலை கற்றுக்கொடுக்கிறேன். ஒன்று, மானியை மாட்டி இரண்டு முட்களையும் சேர்த்துப் பார்ப்பது. மற்றொன்று, எந்த டிரெய்லர் எந்த ஹெட்டோடு எப்படி நின்றது என்று எழுதிவைப்பது. டிரெய்லரைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் இருக்கும்.

முதலாளிகளிடமும் ஒன்று சொல்லிவருகிறேன். பல இடங்களில் ஓட்டுநருக்கு நடைக்கணக்கில்தான் கூலி. பூட்டியதும் குழாயைச் சரிபார்த்து, டிரெய்லரின் கிங் பின் பூட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பார்த்து, யார்டுக்குள் ஓட்டி டிரெய்லரை மட்டும் பிடித்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் இப்போது அவர் பையிலிருந்து போகிறது. அதனால்தான் அவசரத்தில் விட்டுப்போகிறது. அதையும் வேலை நேரமாகக் கணக்கிட்டுக் கூலி கொடுங்கள். கழற்றிவிட்டுப் போனவருக்கு அந்த டிரெய்லர் இனித் தன் கவலை இல்லை. பூட்டுபவருக்கு அது இன்னும் பழகவில்லை. இடைப்பட்ட அந்த ஐந்து நிமிடத்தில் அதற்குப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும், அவருக்கு அதற்குரிய ஊதியமும் வேண்டும்.